காசிக்குக் கிளம்புகிறவர்களுக்கு: மனசில் இருக்கும் காசியை இறக்கி வைக்கும் வழி

எங்கள் தெருவில் யார் காசிக்கு டிக்கெட் போட்டாலும் ஒரு தடவை என் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போவார்கள். மதுரையில் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு காசி போய்வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஸ்வெட்டர் வேணுமா, நம்ம ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா, கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். ஆனால் அங்கே போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்களில் ஸ்வெட்டர் இல்லாமல் அப்படி ஆனவர்கள் யாரும் இல்லை. "நான் நினைச்ச காசி இது இல்லையே" என்று ஆனவர்கள்தான் அத்தனை பேரும்.

எதிர்பார்ப்பே இல்லாமல் போய்வா என்று சொல்லிவிடலாம். நடக்காத காரியம் அது. பாட்டி கதையில் கேட்டு, காலண்டரில் பார்த்து, பழமொழியில் சொல்லி, ஐம்பது அறுபது வருஷம் மனசில் வளர்ந்த ஊரை ரயில் ஏறும்போது பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு வா என்றால் யாரால் முடியும்? அதற்குப் பதில் நான் செய்யச் சொல்வது வேறு.

முதலில் ஒரு தாள்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், கண்ணை மூடி "காசி" என்று சொல்லிப் பாருங்கள். என்னென்ன தெரிகிறதோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதுங்கள். வெட்கப்படாமல் எழுத வேண்டும். பக்கத்திலேயே, அது எங்கிருந்து வந்தது என்றும் குறியுங்கள்: சினிமா, வாட்ஸ்அப் வீடியோ, மாமியார் சொன்னது, எதுவானாலும் சரி.

எதிர் வீட்டு அக்கா எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கங்கையில் சூரியன் மறைவதைப் பார்ப்பது. பெரிய தங்கக் கோபுரம். லிங்கத்தைத் தொட்டுக் கும்பிடுவது. படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து ஜபம். கடைசியாக, சின்ன எழுத்தில், "விஸ்வநாதரைப் பார்த்ததும் அழுகை வரும்."

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். இமயமலையிலிருந்து இறங்கித் தெற்கும் கிழக்குமாக ஓடிவரும் கங்கை, காசியில் வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில். எதிர்க்கரை வெறும் மணல்வெளி. அதனால் சூரியன் உதிப்பதுதான் ஆற்றுக்கு மேலே தெரியும். சாயங்காலம் அது நம் முதுகுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடும். கங்கையில் அஸ்தமனம் பார்க்க வேண்டும் என்று சாயங்காலம் படகு பிடித்தால், ஆசை நிறைவேறாததற்கு ஊர் பொறுப்பில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க அக்கா ஒப்புக்கொண்டார். ஒரு வரி அடிக்கப்பட்டது.

அடுத்தது தங்கக் கோபுரம். இப்போது இருக்கும் விஸ்வநாதர் கோயில் 1780 வாக்கில் இந்தூர் ராணி அகல்யாபாய் ஹோல்கர் கட்டியது. அதற்குத் தங்கத் தகடு வேய்ந்தது பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங். சிகரத்தின் உயரம் ஐம்பது அடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தஞ்சாவூர் விமானம் இருநூறு அடிக்கு மேல். மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரத்தைத் தினமும் அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு இது சின்னக் கோயிலாகத்தான் தெரியும். முன்பெல்லாம் சந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். 2021 டிசம்பரில் திறந்த புது வளாகம் வந்த பிறகு கங்கைக் கரையிலிருந்தே அகலமான பாதையில் நடந்து வரலாம். பழைய யாத்திரைக் கதைகளைக் கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தச் சந்து இல்லாததே ஒரு ஏமாற்றம். புது வீடியோ பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு, வளாகம் அத்தனை பெரிசாக இருக்க உள்ளே கோயில் இத்தனூண்டாக இருப்பது ஏமாற்றம்.

லிங்கமும் சிறியதுதான். வெள்ளி பதித்த சதுரத் தொட்டிக்குள் தரையோடு தரையாக இருக்கும். தொட்டுக் கும்பிடுவது அன்றைய கூட்டத்தையும் நேரத்தையும் பொறுத்தது. விசேஷ நாளில் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. இது நம் கையில் இல்லை என்று தாளில் எழுதிக்கொண்டோம்.

தனியாக ஜபம் செய்யும் இடம் கிடைக்கும். மாலை ஆரத்தி நேரத்தில் தசாஸ்வமேத கட்டத்தில் (கட்டம் என்றால் படித்துறை) மட்டும் கிடைக்காது. குளிர்காலத்துப் பகல் இரண்டு மணிக்குக் கேதார கட்டத்துப் படியில் கிடைக்கும். அங்கே போவதற்கு அனுமான் கட்டத்திலிருந்து ஆற்றங்கரையோடு நடந்தால் நடுவில் அரிச்சந்திர கட்டம் வரும். சிதை எரிந்துகொண்டிருக்கும். அதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கடைசி வரியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும்.

அழுகை வரவில்லை என்றால்

ஊரைப் பற்றிய எதிர்பார்ப்பை விடத் தன்னைப் பற்றிய எதிர்பார்ப்புதான் ஆளைப் படுத்துகிறது. அங்கே போனால் மனசு உருகும், அமைதி வரும், ஏதோ ஒன்று புரியும் என்று நினைத்துக்கொண்டே போவோம். சன்னதியில் கிடைப்பது சில வினாடிகள். போலீஸ்காரர் "சலோ, சலோ" என்று தள்ளுவார். அந்தச் சில வினாடியில் எனக்கு முதல் தடவை மனசில் ஓடியது, பூஜைத்தட்டுக் கடையில் கழற்றிவிட்ட செருப்பு இருக்குமா என்பதுதான். பக்தி இல்லாமல் இல்லை. மனசு அப்படித்தான், சொன்ன நேரத்துக்கு வேலை செய்யாது.

அன்றைக்கு மத்தியானம் அனுமான் கட்டத்துப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் கோலம் பார்த்தேன். மாக்கோலம், நாலு இழை. காவி பூசி, ஓரத்தில் ஒரு புள்ளி தப்பியிருந்தது. உள்ளேயிருந்து ரசம் கொதிக்கும் வாசனை. அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. விஸ்வநாதர் முன்னால் வராதது யாரோ ஒரு வீட்டு ரசத்துக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் பகுதி அது, ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆகவே அக்காவிடம் சொன்னேன்: "அழுகையை விஸ்வநாதர் பேரில் எழுதாதீங்க. எங்கே வருதோ அங்கே வரட்டும். வரலைன்னாலும் யாரும் கேட்கப்போறதில்லை." அந்த வரியை அவர் அடிக்கவில்லை. "விஸ்வநாதரைப் பார்த்ததும்" என்பதை மட்டும் அடித்தார்.

பருவத்தைத் தெரிந்துகொண்டால் பாதி பாரம் குறையும்

படத்தில் பார்த்த காசி எந்த மாதத்துக் காசி என்று யாரும் கேட்பதில்லை. ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கங்கை பெருகினால் கீழ்ப்படிகள் எல்லாம் தண்ணீருக்குள். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கரையோடு நடக்க முடியாது. படகை நிறுத்திவிடுவார்கள். வெள்ளம் ரொம்ப ஏறினால் ஆரத்தியே மொட்டைமாடிக்குப் போய்விடும். வடிந்த பிறகு படி முழுக்க வண்டல். மோட்டார் வைத்துத் தண்ணீர் பீய்ச்சி வழிப்பார்கள். டிசம்பர் கடைசி, ஜனவரியில் மூடுபனி. சூரியோதயத்துக்கு என்று எழுந்து போனால் பக்கத்துப் படகு தெரியாது. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதம், அதனால் அந்த மாதங்களில் இணைப்பு ரயிலை நெருக்கமாகப் போடாதீர்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் நாற்பது டிகிரிக்கு மேல். கல்லில் கால் வைக்க முடியாது. கார்த்திகைப் பௌர்ணமிக்கு தேவ தீபாவளி, படித்துறை முழுக்க விளக்கு. அன்றைக்கு அறை கிடைப்பது குதிரைக் கொம்பு.

எந்த மாதமும் கூடாது என்று சொல்ல வரவில்லை. பனிக்காலத்தில் போகிறவருக்கு மட்டும்தான் மலையோ என்கிற இனிப்பு கிடைக்கும். காய்ச்சிய பாலை இரவுப் பனியில் வைத்து விடியற்காலையில் கடைந்து எடுக்கும் நுரை அது, குங்குமப்பூ மஞ்சளில். வாயில் வைத்தால் ஒன்றுமே வைக்காத மாதிரி இருக்கும், இனிப்பு மட்டும் நிற்கும். வெயில் ஏறினால் கடையில் இருக்காது. பனியில் சூரியோதயத்தைத் தவறவிட்டவர்கள் நேரே அந்தக் கடைக்குப் போகலாம்.

ஒரு நாளைக்கு ஒன்று

சுற்றுலா வண்டியில் போனால் காசி, கயா, பிரயாகை, அயோத்தி என்று அடுக்கிவிடுவார்கள். அதில் எதிர்பார்ப்பை இறக்கி வைக்க இடமே இல்லை, அடுத்த ஊர் தலையில் ஏறிவிடும். சொந்தமாகப் போகிறவர்கள் ஒரு நாளுக்குக் கட்டாயம் என்று ஒன்றை மட்டும் வையுங்கள். இன்றைக்கு விஸ்வநாதர், நாளைக்குப் படகு, அப்படி. பித்ரு காரியம் இருந்தால் அந்த நாள் வாத்தியார் கையில்தான். வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

மிச்ச நேரத்தைக் காலியாக விடுங்கள். காலி என்றால் காலிதான், "முடிந்தால் இதையும் பார்த்துவிடலாம்" என்று மனசுக்குள் ஒரு பட்டியல் வைத்துக்கொள்வது கணக்கில் சேராது. அப்படி ஒரு மத்தியானத்தில்தான் பாரதி இருந்த வீட்டுக்குள் போனோம். அப்பா இறந்த பிறகு 1898இல் எட்டயபுரத்திலிருந்து அத்தை வீட்டுக்கு வந்த பையன் இந்த ஊரில்தான் தலைப்பாகையும் மீசையும் வைத்துக்கொண்டான். 2022இல் வீட்டின் ஒரு பகுதியை நினைவிடமாக்கித் திறந்தார்கள். சின்ன இடம். அதைப் பார்ப்பதற்கென்றே போயிருந்தால் "இவ்வளவுதானா" என்றிருப்போம். சும்மா நடந்துபோய் நுழைந்ததால் கூட வந்த மாமா ஒருவர் மணிக்கணக்கில் அந்தத் திண்ணையை விட்டு நகரவில்லை.

புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத்துக்கு அரை நாள் வைக்கலாம். பத்து கிலோமீட்டர்தான். இரைச்சல் எல்லாம் விட்டுப்போய், புல்வெளியும் தாமேக் ஸ்தூபியும். நம் ரூபாய் நோட்டில் இருக்கும் சிங்கத் தலைப்பின் அசல் அங்கே மியூசியத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மியூசியம் விடுமுறை.

"நம்ம ஊர்ல இப்படி இல்லையே"

இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் யாராலும் இருக்க முடியாது. சொல்லுங்கள். ஆனால் சொன்னவுடன் "இங்கே ஏன் இப்படி?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும் என்று எங்கள் குழுவில் ஒரு சட்டம். கேட்காதவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

"நம்ம ஊர்ல சாமியை இப்படி ஆளாளுக்குத் தொட விடுவாங்களா?" என்று ஒரு பாட்டி முகம் சுளித்தார். சரி, ஏன் இப்படி? வடக்கே பல சிவன் கோயில்களில் அபிஷேகம் பக்தன் கையாலேயே செய்வது. குருக்கள் வழியாகத்தான் என்பது இல்லை. மூன்றாம் நாள் ஊருக்குள் ஒரு சின்னக் கோயிலில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், அதே பாட்டி சொம்புத் தண்ணீரைத் தன் கையால் லிங்கத்தின் தலையில் விட்டார். விட்டுவிட்டு ஈரக் கையைப் புடவையில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நடந்தார். டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.

சாப்பாட்டுக்கும் இதே சட்டம். காலையில் கச்சோரி, உருளைக்கிழங்குக் குழம்பு, கூடவே ஜிலேபி. "காலங்காத்தால எண்ணெயா?" என்பார்கள். இட்லி கேதார கட்டம், அனுமான் கட்டம் பக்கம் கிடைக்கும், பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஆனால் வந்த முதல் வேளையே இட்லி தேடிப் போகாதீர்கள். காசி இட்லி உங்கள் வீட்டு இட்லியோடு போட்டிக்கு நிற்கும், தோற்கும். கச்சோரிக்குப் போட்டியே கிடையாது.

காசி, கயா போனால் ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை விட்டுவிட்டு வருவது நம் வழக்கம். பெரும்பாலானவர்கள் பிடிக்காததைத்தான் விடுகிறார்கள். பாகற்காயை விட்டேன் என்று பெருமையாகச் சொன்ன சித்தப்பாவை எனக்குத் தெரியும், அவர் பிறந்ததிலிருந்தே பாகற்காய் தொட்டதில்லை. ஊரைப் பற்றிய நினைப்பை விடுவதிலும் இதே தில்லுமுல்லு நடக்கும். ஏசி அறை வேண்டாம், எதுவானாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வேன் என்பார்கள். ஆனால் உள்ளே கெட்டியாக வைத்திருப்பது வேறொன்றாக இருக்கும், பெரும்பாலும் கூட வருகிறவர்கள் தன்னைப் போலவே உணர வேண்டும் என்பது. புருஷன் படகில் தூங்குகிறாரா, தூங்கட்டும். மருமகள் கோயில் வேண்டாம், பட்டுப்புடவைக் கடை போதும் என்கிறாளா, போகட்டும். சாயங்காலம் ஒரு இடம் சொல்லி அங்கே சேர்ந்துகொள்ளுங்கள்.

முகம் தொங்கும் நேரம்

என்ன தயாராகப் போனாலும் ஒரு கட்டத்தில் சோர்வு வரும். சாணி, ஹார்ன், சந்தில் எதிரே வரும் காளை, விடாமல் கூடவே வரும் படகுத் தரகர். அந்த நேரத்தில் ஊருக்குப் போன் போடாதீர்கள். போனில் குறை சொல்லச் சொல்ல அது உறுதியாகிவிடும். படமும் எடுக்காதீர்கள். ஒரு மண் குவளை டீ வாங்கிக்கொண்டு ஏதாவது படியில் உட்கார்ந்து, ஒரே ஒருவர் செய்யும் வேலையைக் கால் மணி நேரம் பாருங்கள்.

நான் பார்த்தது படகு பழுது பார்க்கிற ஒருவரை. படகைக் கவிழ்த்துப் போட்டு, பலகை இடுக்கில் பஞ்சைத் திரித்து உளியால் திணித்துக்கொண்டே போனார். திணித்த இடத்தைக் கட்டைவிரலால் ஓட்டிப் பார்ப்பார். எங்காவது விரல் இறங்கினால் இன்னும் ஒரு திரி. ஒரு பையன் தகர டப்பாவில் தார் சுடவைத்து எடுத்து வந்தான். பின்னால் ஆடு ஒன்று காயப்போட்ட வேட்டியை மென்றுகொண்டிருந்தது, யாரும் விரட்டவில்லை. டீ தீர்ந்தபோது எதற்காகச் சலித்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்பதே ஞாபகம் வரவில்லை. இது எல்லாருக்கும் வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன். கால் வலி என்றால் அறைக்குப் போய்ப் படுப்பதுதான் வைத்தியம்.

இறக்கி வைக்கக் கூடாதவை

எதிர்பார்ப்பை விடுகிறேன் என்று ஏமாறவும் தயாராகிவிடாதீர்கள். படகுக்கு ஏறும் முன்பே எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்தக் கட்டத்திலிருந்து எது வரை, மொத்தம் எவ்வளவு என்று பேசிவிடுங்கள். சிதை எரியும் இன்னொரு கட்டமான மணிகர்ணிகையில் வலிய வந்து விளக்கம் சொல்லிவிட்டு "ஏழைக்கு விறகு வாங்க" என்று பெரிய தொகை கேட்பவர்கள் உண்டு. கும்பிட்டுவிட்டு நகருங்கள். அங்கே சிதையைப் படம் எடுக்கவே கூடாது.

அறை விஷயத்தில் நன்றாக எதிர்பாருங்கள், கேள்வியும் கேளுங்கள். "கங்கை பார்த்த அறை" என்பது ஜன்னலிலிருந்தா, மொட்டைமாடியிலிருந்தா? எத்தனை மாடி ஏற வேண்டும்? வண்டி எதுவரை வரும்? பழைய ஊருக்குள் கார் போகாது. கோதோலியா பக்கம் இறங்கிப் பெட்டியோடு சந்துக்குள் நடக்க வேண்டியிருக்கும். முட்டிவலிக்காரர்கள் படிக்கட்டை நினைத்து அறையை முடிவு செய்யுங்கள், காட்சியை நினைத்து அல்ல. கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது, அறையிலேயே வைத்துவிட்டால் லாக்கருக்கு என்று பூஜைத்தட்டுக் கடையில் மாட்ட வேண்டாம். பெரியவர்கள் சட்டைப்பையில் விடுதி முகவரி, ஒரு உறவினர் எண் எழுதிய சீட்டு. மாத்திரை இரண்டு பங்காக, இரண்டு பையில்.

திரும்பி வந்து

வந்த மறுநாளே "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்கள். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். "அப்படியே கைலாசம் மாதிரி" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டால், கேட்டவர் அதைத் தன் தாளில் எழுதிக்கொண்டு அடுத்த மாதம் ரயில் ஏறுவார். நான் சொல்வது இவ்வளவுதான்: எந்த மாதம் போனேன், கூட்டம் எப்படி, கேதார கட்டம் பகலில் காலியாக இருந்தது, வெள்ளிக்கிழமை சாரநாத் போகாதே. அதற்கு மேல் கேட்டால் கச்சோரிக் கடையின் அடையாளம் சொல்வேன். கங்கைத் தண்ணீர்ச் சொம்பு ஒன்று கையில் கொடுத்து அனுப்புவேன். எதிர் வீட்டு அக்கா மட்டும் இன்றுவரை அழுகை எங்கே வந்தது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.